பங்குக் கிணத்து நியாயம் ஓட்டுப் பெட்டிக்கு இல்லையா?



தேர்தல் பேச்சு ஆரம்பித்துவிட்டால் நம் சங்கக் கூட்டத்தில் கரும்பு விலை, பால் விலை எல்லாம் பின்னால் போய்விடுகிறது. ஒரே சண்டைதான். "எத்தனை நாளைக்குத்தான் மனுவே கொடுத்துட்டிருக்கறது? சங்கத்தையே கட்சியாக்கி நாமளே நிக்கலாம்" என்று இளவட்டங்கள் எழுந்து நிற்கிறார்கள். "நின்னு டெபாசிட்டத் தொலைக்கறதுக்கு, ஜெயிக்கற கட்சிக்காரன் பின்னாடி போனா ரோடாவது வரும்" என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். கடைசியில் டீயைக் குடித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கலைந்து போகிறோம்.

இந்த முறை அப்படிக் கலையக் கூடாது. சங்கத்தைக் கட்சியாக மாற்றும் தீர்மானம் வருகிற பொதுக்குழுவுக்கு வருகிறது. கை தூக்குமுன் ஒரு கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தத் துண்டறிக்கையை அச்சடித்திருக்கிறோம். ஓட்டுப் போடத் தெரிந்த நமக்கு, போட்ட ஓட்டு எப்படி சீட்டாக மாறுகிறது என்பது தெரியாமலே இத்தனை தேர்தல் போய்விட்டது.

கிணத்துக் கணக்கும் தொகுதிக் கணக்கும்

நம் ஊர்ப் பங்குக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சு பங்கு. ஒருத்தருக்கு ரெண்டு பங்கு, மற்ற மூணு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. ரெண்டு பங்குக்காரர் ரெண்டு முறை தண்ணி பாய்ச்சுவார். ஒரு பங்குக்காரர் ஒரு முறை பாய்ச்சுவார். "உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் பங்கு அதிகம். அதனால அஞ்சு முறையும் எனக்கே" என்று அவர் மோட்டார் ரூமைப் பூட்டிக்கொண்டால் விடுவோமா? ஊர்ப் பஞ்சாயத்து, தாலுகா ஆபீஸ், கோர்ட்டு என்று அன்றைக்கே கிளம்பிவிட மாட்டோமா?

ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நடப்பது அதேதான். ஒரு தொகுதியில் 100 ஓட்டு என்று வையுங்கள். ஒருவருக்கு 40, இன்னொருவருக்கு 35, மூன்றாமவருக்கு 25. நாற்பது வாங்கியவர் எம்.எல்.ஏ. மிச்சம் 60 பேர் அவர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்கள். அந்த 60 பேருக்கு அந்தத் தொகுதியில் ஒன்றுமே கிடையாது. இதே கணக்கு 234 தொகுதியிலும் விழுந்தால், நாற்பது வாங்கிய கட்சிக்கு 234 சீட்டும் போகும். முப்பத்தைந்துக்கும் இருபத்தைந்துக்கும் முட்டை. மோட்டார் ரூம் பூட்டியாச்சு!

இது வெறும் பேச்சுக் கணக்கு என்று நினைக்காதீர்கள். நம் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள்.

2006 சட்டமன்றத் தேர்தலில் தே.மு.தி.க. தனியாக நின்றது. 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியது. கிடைத்தது ஒரே சீட்டு, விருத்தாசலம். 2009 நாடாளுமன்றத் தேர்தலில் 10 சதவீதம், ஏறத்தாழ 31 லட்சம் ஓட்டு. கிடைத்தது பூஜ்யம். 2011-ல் அதே கட்சி அ.தி.மு.க.வுடன் கூட்டணி சேர்ந்து 41 இடத்தில் நின்றது. வாங்கிய ஓட்டு 8 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. கிடைத்தது 29 சீட்டு! ஓட்டு குறைந்தது, சீட்டு கூடியது. இது என்ன கணக்கு?

பா.ம.க.வைப் பாருங்கள். 2016-ல் தனியாக நின்று 5 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஒரு சீட்டும் இல்லை. 2021-ல் கூட்டணியில் 4 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி 5 சீட்டு. அதே 2021-ல் நாம் தமிழர் கட்சி 234 இடத்திலும் தனியாக நின்று ஏறத்தாழ 30 லட்சம் ஓட்டு வாங்கியது. ஒரு சீட்டும் இல்லை. அந்தக் கட்சிகளின் கொள்கை நமக்குப் பிடிக்குதா பிடிக்கலையா என்பது வேறு விஷயம். நாம் கேட்பது அந்த 30 லட்சம் பேரைப் பற்றி. அவர்களும் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டு வந்தவர்கள்தானே?

2016-ல் ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், தே.மு.தி.க., த.மா.கா. என்று ஆறு கட்சி சேர்ந்து மூன்றாவது அணி கண்டார்கள். ஆறுக்கும் சேர்த்து ஒரு சீட்டும் வரவில்லை. காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசே அறிவித்தது. அந்த 2017-ல் நம் விவசாயிகள் மண்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு டெல்லியில் உட்கார்ந்திருந்தபோது, விவசாயக் கூலிகளுக்காகக் காலம் காலமாகச் சங்கம் நடத்தும் கம்யூனிஸ்ட் கட்சிகளுக்குத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர்கூட இல்லை.

"ஓட்ட வீணாக்காதீங்க மாமா"

இந்த முறையால் வரும் பெரிய கெடுதல் எண்ணும்போது வருவதில்லை. ஓட்டுப் போடும் முன்னாலேயே வந்துவிடுகிறது. எப்படி?

நாமும் ஒருமுறை சங்கத்தின் சார்பில் ஒருவரை நிறுத்தியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாய்க்கால் மறியலுக்கு வந்த கூட்டம் பிரச்சாரத்துக்கும் வந்தது. ஊருக்கு ஊர் ஆரத்தி எடுத்தார்கள். ஓட்டுப் போடும் நாள் காலையில் கட்சி ஏஜெண்டுகள் வீடு வீடாக வந்தார்கள். நம் வேட்பாளர் மோசம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. "ஏனுங் மாமா, அவரு நல்ல மனுசந்தான். ஆனா ஜெயிக்க மாட்டாருங்களே. உங்க ஓட்டு வீணாப் போயி, எதிராளி உள்ள வந்துருவானே" என்றார்கள். அவ்வளவுதான். இரண்டு கட்சிக்காரர்களும் இதையே சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் நம் ஓட்டு பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம் போய்விட்டது. டெபாசிட் காலி. மறுநாள் டீக்கடையில், "மனசுக்குள்ள உங்களுக்குத்தான் போடணும்னு இருந்துச்சு" என்று நம்மிடமே சொன்னவர்கள் எத்தனை பேர்!

அவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. பயத்தில் போட்டார்கள். பிடித்தவனுக்குப் போடாமல், பிடிக்காதவன் வரக் கூடாது என்று போட வைப்பதுதான் இந்த முறையின் வேலை. பிரான்ஸ் நாட்டு அறிஞர் மாரிஸ் துவெர்ஜே 1950-களிலேயே இதை எழுதிவிட்டார்: அதிக ஓட்டு வாங்கிய ஒருவருக்கே சீட்டு என்றால், நாளடைவில் இரண்டே கட்சிதான் மிஞ்சப் பார்க்கும். 1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் இரண்டு கழகங்களில் ஒன்றுதான் ஆட்சிக்கு வந்தது. மற்ற கட்சிகள் பெரும்பாலும் ஏதோ ஒரு வண்டியில் தொத்திக்கொண்டுதான் கோட்டைக்குப் போக முடிந்தது.

"ஓட்டைப் பிரிக்கிறான்" என்று நம்மைத் திட்டுகிறவர்களைக் கேட்கிறோம். எங்கள் ஓட்டு எப்போதய்யா உங்கள் சொத்தாக இருந்தது, நாங்கள் பிரிப்பதற்கு?

குவிந்த ஓட்டும் பரவிய ஓட்டும்

இளைஞர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். "சின்னக் கட்சி ஜெயிச்சதே இல்லையா?" ஜெயித்திருக்கிறது. ஆனால் ஓட்டு ஒரே இடத்தில் குவிந்திருந்தால் மட்டும். 1952-ல் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம் உழைப்பாளர் கட்சி 19 சீட்டும் காமன்வீல் கட்சி 6 சீட்டும் பிடித்தன. ஒரே வட்டாரத்தில், ஒரே சமூகத்தில் குவிந்த ஓட்டு. ஜெயித்த பிறகு இரண்டு கட்சியின் தலைவர்களும் காங்கிரஸ் மந்திரிசபைக்குள் போய்விட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இலங்கையில் 1977 தேர்தலில் இதே முறைதான். சிறிமாவோவின் கட்சிக்கு ஏறத்தாழ 30 சதவீதம் ஓட்டு. நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது. 168-ல் 8 சீட்டு. தமிழர் கூட்டணிக்கு 7 சதவீதத்துக்கும் குறைவு, வடக்கிலும் கிழக்கிலும் குவிந்திருந்தது, 18 சீட்டு.

இப்போது நம்மைப் பார்ப்போம். விவசாயி எங்கே இருக்கிறான்? எல்லா இடத்திலும் இருக்கிறான். கிராமம் உள்ள தொகுதி எதை எடுத்தாலும் இருக்கிறான். ஆனால் எந்தத் தொகுதியிலும் விவசாயி என்ற ஒரே அடையாளத்தோடு குவிந்து நிற்பதில்லை. சாதியாக, கட்சியாக, பாசனக்காரன், மானாவாரிக்காரன் என்று பிரிந்து நிற்கிறோம். ஊசி நூல்போலப் பரவிய தூறல் எந்தக் குளத்தையும் நிரப்பாது. இந்தத் தேர்தல் முறை சாதிக் குவியலுக்கும் பணக் குவியலுக்கும்தான் கூலி கொடுக்கும்.

கர்நாடகத்தில் விவசாயிகள் சங்கத்தின் புட்டண்ணையா 1994-ல் பாண்டவபுராவிலும் 2013-ல் மேலுகோட்டையிலும் ஜெயித்தார். மண்டியா மாவட்டத்துக் கரும்பு பூமி அது. சங்கம் அங்கே வேர் பிடித்திருந்தது. 2023-ல் அவர் மகன் ஜெயித்தபோது காங்கிரஸ் அங்கே ஆளை நிறுத்தாமல் ஆதரவு கொடுத்தது. ஒரு மூலையில் வேர்விட்டால் ஒரு சீட்டு கிடைக்கும். மாநிலத்துக்கு அது போதாது.

கட்சியான சங்கம் கற்ற பாடம்

நம் ஐயா நாராயணசாமி நாயுடுவை விடப் பெரிய விவசாயத் தலைவரை இந்த மண் பார்த்ததில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். 1972-ல் நம் தகப்பன்மார் மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு போய்க் கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். அந்தப் போராட்டங்களின் பலன்தான் 1984-ல் சிறு விவசாயிக்கும், 1989-91 ஆட்சிக் காலத்தில் எல்லா விவசாயிக்கும் வந்த இலவச மின்சாரம். ஒரு ஆட்சி எம்.ஜி.ஆருடையது, மற்றது கலைஞருடையது. இருவருமே சங்கத்தைப் பார்த்துப் பயந்தார்கள்.

1982-ல் ஐயா விவசாயிகளுக்கென்று கட்சி தொடங்கினார். லட்சக்கணக்கில் கூட்டம் சேர்த்த அந்த மனிதரின் கட்சியால் சட்டமன்றத்தில் கால் ஊன்ற முடியவில்லை. 1984 டிசம்பரில், தேர்தல் நேரத்தில், கோவில்பட்டியில் அவர் உயிர் பிரிந்தது. அதன் பிறகு சங்கம் எத்தனை துண்டாகப் போனது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இது பழைய கதை என்பவர்கள் பஞ்சாபைப் பாருங்கள். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பரில் டெல்லி எல்லையில் உட்கார்ந்தவர்கள், ஒரு வருஷத்துக்கு மேல் வெயிலிலும் குளிரிலும் கிடந்து, 2021 நவம்பரில் சட்டங்களை ரத்து செய்ய வைத்தார்கள். உலகமே பார்த்தது. அடுத்த மாதமே பஞ்சாப் சங்கங்கள் பல சேர்ந்து சம்யுக்த சமாஜ் மோர்ச்சா என்று தேர்தலுக்காக ஒரு அணி கண்டார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல். ஒரு சீட்டும் இல்லை. தலைவர் பல்பீர் சிங் ராஜேவாலுக்கே டெபாசிட் போனது. டெல்லியை மண்டியிட வைத்த கூட்டம் சமராலா தொகுதியில் டெபாசிட்டைக் காப்பாற்ற முடியவில்லை! போராட்டத்தில் அவர்களோடு படுத்துக் கிடந்த அதே விவசாயிகள்தான் வேறு கட்சிக்குப் போட்டார்கள்.

"அந்தத் தேர்தல்ல ஆம் ஆத்மிங்கற புதுக் கட்சி 117-ல் 92 ஜெயிச்சுதே?" என்பீர்கள். சரிதான். புதுக் கட்சி ஜெயிக்கவே முடியாது என்று நாம் சொல்லவில்லை. பழைய இரண்டில் ஒன்றைக் கீழே தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் உட்காரும் அளவுக்கு ஒரே அலையில் வந்தால் ஜெயிக்கலாம். 1983-ல் ஆந்திராவில் என்.டி.ராமராவ் கட்சி ஆரம்பித்து ஒரு வருஷத்துக்குள் அப்படித்தான் வந்தார். ஆனால் அப்படி வருகிறவன் எல்லோருக்கும் எல்லாம் பேச வேண்டும். நகரத்துக்காரனுக்கு விலைவாசியைக் குறைக்கிறேன் என்பான், நமக்கு விலையை ஏற்றுகிறேன் என்பான். அவன் மூன்றாவது கட்சி இல்லை, புது முதல் கட்சி. சங்கத்தின் வேலை அது அல்ல.

நம் பலம் எங்கே இருக்கிறது?

1996-ல் மொடக்குறிச்சியை நாட்டுக்கே காட்டியவர்கள் விவசாயிகள்தான். கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்று ஆயிரம் பேருக்கு மேல் மனுத் தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். ஓட்டுச்சீட்டு புத்தகமாக அச்சானது. தேர்தலே தள்ளிப் போனது. அரசாங்கம் என்ன செய்தது? அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. பிறகு அது 10,000 ஆனது. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் அரசுக்கு. 234 தொகுதிக்கும் பொது வேட்பாளர் கணக்கில் 23 லட்சத்து 40 ஆயிரம். நெல் போட்டவன் வீட்டில் அது இருக்கிறதா?

2019-ல் நிஜாமாபாத்தில் மஞ்சள் வாரியம் கேட்டு 178 விவசாயிகள் நாடாளுமன்றத்துக்கு நின்றார்கள். அப்போதைய முதலமைச்சரின் மகள் அங்கே சுமார் 70,000 ஓட்டில் தோற்றார். விவசாயிகள் எல்லோரும் சேர்ந்து வாங்கியது அந்த வித்தியாசத்தை விட அதிகம். ஒருவரும் ஜெயிக்கவில்லை. ஆனால் மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் அதே நிஜாமாபாத்தில் திறக்கப்பட்டது.

மறுபடி மொடக்குறிச்சிக்கு வாருங்கள். 1996-ல் அந்த ஆயிரம் பேருக்கு நடுவே ஜெயித்த சுப்புலட்சுமி ஜெகதீசன், 2021-ல் அதே தொகுதியில் தோற்றார். வித்தியாசம் 281 ஓட்டு. இரண்டு ஊர்ச் சங்கம் ஒரே முடிவு எடுத்திருந்தால் முடிவே மாறியிருக்கும்! நம் பலம் அங்கேதான் இருக்கிறது. 281-ஐ வைத்து எம்.எல்.ஏ. ஆக முடியாது. எம்.எல்.ஏ.வை ஆட்டி வைக்க முடியும்.

பங்குக்குத் தக்க தண்ணி

இது இப்போதைக்குச் செய்யும் வைத்தியம். நோய் போக வேண்டுமானால் கணக்கையே மாற்ற வேண்டும். ஓட்டு எத்தனை சதவீதமோ ஏறத்தாழ அத்தனை சதவீதம் சீட்டு. இதைத்தான் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் என்கிறார்கள். நம் பாஷையில் பங்குக்குத் தக்க தண்ணி.

இது கனவு இல்லை. நியூசிலாந்து நம்மைப் போலவே பிரிட்டிஷ்காரனிடம் கற்ற முறையை வைத்திருந்தது. 1981-ல் அங்கே மூன்றாவது கட்சி ஒன்று 20 சதவீதத்துக்கு மேல் வாங்கி இரண்டே சீட்டு பெற்றது. ஜனங்கள் கொதித்தார்கள். 1993-ல் பொது வாக்கெடுப்பு நடத்தி முறையை மாற்றினார்கள். 1996 முதல் அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. தொகுதிக்கு ஒரு உறுப்பினரும் இருப்பார், கட்சிக்குத் தக்க பங்கும் கிடைக்கும். பக்கத்து நேபாளத்தில் 275 பேர் கொண்ட சபையில் 110 பேர் விகிதாச்சாரப்படி வருவதாக 2015 அரசியல் சட்டம் சொன்னது.

நம் நாட்டிலும் 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கோரிக்கை எழுந்தது. டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. எழுத்தறிவு குறைவான நாடு, நிலையான அரசு வேண்டும் என்பவை அவர் சொன்ன காரணங்கள். அன்றைக்கு நியாயம். 1951-ல் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 80 பேர். 1999-ல் இந்தியச் சட்ட ஆணையமே தன் 170-வது அறிக்கையில், மக்களவையில் கால் பங்கு இடம் கூட்டி அதைக் கட்சிகளின் ஓட்டு விகிதப்படி நிரப்பலாம் என்று சொன்னது. அறிக்கை தூங்குகிறது.

கூட்டணி ஆட்சி வரும், கவிழும் என்று பயமுறுத்துவார்கள். கூட்டணி இல்லாமல் இப்போது மட்டும் யார் ஜெயிக்கிறார்கள்? தேர்தலுக்கு முன்னால் மூடிய அறையில் பேசும் பேரம், தேர்தலுக்குப் பின்னால் நம் கண் முன் நடக்கட்டும். "பெரிய கட்சி விடுமா?" என்பார்கள். அவர்களுக்கும் அடி விழுந்திருக்கிறது. 1991-ல் தி.மு.க. 22 சதவீதம் வாங்கி 2 சீட்டு. 1996-ல் அ.தி.மு.க. 21 சதவீதம் வாங்கி 4 சீட்டு. நாடாளுமன்றத்தில் 2014-ல் தி.மு.க. 23 சதவீதத்துக்கும் பூஜ்யம், 2024-ல் அ.தி.மு.க. 20 சதவீதத்துக்கும் பூஜ்யம். தோற்ற வருஷம் இவர்களுக்கு ஞானம் வரும், ஜெயித்த வருஷம் மறந்து போகும். மறக்க விடாமல் வைப்பது நம் வேலை.

ஆகவே பொதுக்குழுவில் உங்கள் கை எதற்கு உயர வேண்டும்?

1. சங்கத்தைக் கட்சியாக்கும் தீர்மானத்தைத் தோற்கடிப்போம். சங்கம் சங்கமாகவே இருக்கட்டும். அதற்குள் எல்லாக் கட்சி விவசாயியும் இருக்கட்டும்.

2. எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் மாலை வேண்டாம், பேப்பர் நீட்டுவோம். கொள்முதல் நிலையம், கரும்பு பாக்கி, வாய்க்கால் தூர் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவோம். கையெழுத்துப் போடாதவருக்கு சங்க ஊர்களில் ஓட்டு இல்லை.

3. கூட்டுறவுச் சங்கம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், ஊராட்சி வார்டு எதிலும் தேர்தல் வந்தால் தயங்காமல் நிற்போம். அது சின்ன வட்டம். அங்கே நம் ஓட்டு குவிந்திருக்கிறது.

4. விகிதாச்சாரத் தேர்தல் முறை வேண்டும் என்பதை, ஆதார விலை, தண்ணீர் இவற்றோடு நம் கோரிக்கைப் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்ப்போம். ஒவ்வொரு கிராமசபையிலும் தீர்மானம் போடுவோம்.

ஜெயிக்காதவனுக்குப் போட்ட ஓட்டு வீண் என்று இனி யாராவது வாசலுக்கு வந்தால், கிணற்றடிக்குக் கூட்டிப் போய்ப் பங்குக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு பங்குக்காரனுக்கும் ஒரு முறை உண்டு என்று நம் பாட்டன் போட்ட கணக்கு அது. அதைச் சட்டமன்றத்துக்கும் கொண்டு போகும் வரை ஓய மாட்டோம்.

ஒவ்வொரு ஓட்டுக்கும் மதிப்பு வேண்டும்!
பங்குக்குத் தக்க சீட்டு வேண்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

பொதுக்குழுவுக்குக் குடும்பத்தோடு திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
விவசாயிகள் சங்கம்